திருப்பிக் கொடுக்க வேண்டிய எண்கள்

எங்கள் தொழிலில் ஐபி முகவரிகளை வாடகைக்கு எடுத்துத் தரும் தரகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுத்ததை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நெட்வொர்க் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: 256 முகவரிகள் உள்ள ஒரு தொகுதியை மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும், எங்கே தொடங்குவீர்கள்? பெரும்பாலோர் ரவுட்டரில் தொடங்குகிறார்கள். ரவுட்டர் கடைசியில் வருவது.

சென்னையில் ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களுக்கென்று சொந்தமாக 512 முகவரிகள் உண்டு, மீதியெல்லாம் வாடகை. ஐபிவி4 முகவரியின் நீளம் 32 பிட், ஆக உலகத்துக்கே இருப்பது 429 கோடிச் சொச்சம். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் தன் கடைசிப் பெருந்தொகுதிக்கு வந்துவிட்டது. அன்று முதல் அளந்துதான் கொடுக்கிறது. 2019-லிருந்து புதிய உறுப்பினருக்கு அதிகபட்சம் 512. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு ரேக்குக்குக்கூட உறை போடக் காணாது.

ஆனால் முன்னால் வந்தவர்களிடம் எண்கள் குவிந்து கிடந்தன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஒன்றுக்கே ஒரு கோடியே 60 லட்சத்துக்கு மேல் இருந்தது. 2017-இல்தான் அதில் ஒரு பகுதியை விற்கப்போவதாக அறிவித்தது. திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை 2011-இல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, ஒன்றின் விலை பதினொன்றேகால் டாலர். எண்ணுக்கு விலை உண்டு என்று எல்லோருக்கும் உறைத்தது அப்போதுதான். வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு ஒரு முகவரிக்கு மாதம் அரை டாலரை ஒட்டிக் கொடுக்கிறோம். அமேசானின் கிளவுடு 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதக் கணக்கில் மூன்றரை டாலரைத் தாண்டும். இந்த வித்தியாசத்தில்தான் எங்களைப் போன்ற சிறியவர்களின் பிழைப்பு ஓடுகிறது.

ஐபிவி6 இருக்கிறதே என்பவர்களுக்கு: இருக்கிறது, எங்கள் எல்லா சர்வர்களிலும் இருக்கிறது. இந்தியாவின் மொபைல் பயனர்களில் பாதிக்கும் மேல் அதில்தான் வருகிறார்கள். ஆனால் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் ஃபயர்வாலில் 'ஐபி முகவரி' என்ற கட்டத்தில் நான்கு எண்களுக்குத்தான் இடம் இருக்கிறது.

வாடகைக்கு எடுத்தால் கைக்கு என்ன வருகிறது? ஒன்றும் வருவதில்லை. வீட்டைக் காலி செய்தால் சாவியைக் கொடுத்ததோடு கதை முடியும். இங்கே சாவி என்று ஒன்று கிடையாது. பதிவகத்தில் தொகுதி உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணிலிருந்து அதை உலகத்துக்கு அறிவிக்க எங்களுக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். அந்த அனுமதியும் ஓரிடத்தில் இல்லாமல் சிதறிக் கிடக்கிறது. உரிமையாளர் கையெழுத்திட்ட எல்ஓஏ என்ற கடிதம், பிடிஎஃப் வடிவில், எங்களுக்கு இணைப்புத் தரும் அப்ஸ்ட்ரீம்களின் மெயில் பெட்டிகளில் இருக்கிறது. ஐஆர்ஆர் எனப்படும் ரூட் பதிவேடுகளில் 'இந்தத் தொகுதி இந்த ஏஎஸ்-இலிருந்து வரும்' என்ற குறிப்பு இருக்கிறது. ஆர்பிகேஐ என்ற சான்றளிப்பு முறையில், எந்த ஏஎஸ் அறிவிக்கலாம் என்று உரிமையாளர் டிஜிட்டலாகக் கையொப்பமிட்ட ரோவா இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உலகின் பெரிய நெட்வொர்க்குகள் எங்கள் அறிவிப்பை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கின்றன. இவற்றோடு தலைகீழ் டிஎன்எஸ் ஒப்படைப்பு, ஹூயிஸ் பதிவு, புவியிடத் தரவுத்தளங்கள் என்று வால் நீள்கிறது. எதுவும் எங்கள் கட்டிடத்துக்குள் இல்லை. நாங்கள் அந்தத் தொகுதியைப் பயன்படுத்துகிறோம் என்பது மற்றவர்களின் கணினிகளில் எழுதப்பட்டிருக்கும் விஷயம். திருப்பிக் கொடுப்பதென்றால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் அழிப்பது. எங்கெங்கே எழுதினோம் என்று எடுத்த அன்றே குறித்து வைக்காவிட்டால் பிறகு தேட முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கம் திறந்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வேன். யாருக்கு எல்ஓஏ அனுப்பினோம், எந்தப் பதிவேட்டில் எந்த மெயின்டெய்னர் பெயரில் ரூட் போட்டோம், எந்த அப்ஸ்ட்ரீம் எங்களைக் கேளாமல் தானே ஒன்று போட்டுவைத்தது என்பதெல்லாம் அதில் ஏறும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நழுவும்.

எடுப்பதற்கு முன் தொகுதியின் பழைய வாழ்க்கையைப் பார்ப்பேன். ஐரோப்பியப் பதிவகமான ரைப் என்சிசியின் ரைப்ஸ்டாட் தளத்தில் போட்டால் இதுவரை எந்தெந்த ஏஎஸ் அதை அறிவித்தது என்று ஆண்டுவாரியாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு நாடு மாறியிருந்தால் பெரும்பாலும் ஸ்பாம் அனுப்புபவர்கள் மென்று துப்பிய தொகுதி. ஸ்பாம்ஹாஸ் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. பட்டியலில் இல்லாதது சுத்தமானது என்று அர்த்தமில்லை, வெறும் ஓய்வில் இருக்கலாம்.

முகவரிகளுக்குப் பழைய நினைவு எவ்வளவு தூரம் ஒட்டும் என்பதற்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் உதாரணம் 1.1.1.0. 2010 ஜனவரி வரை எண் 1-இல் தொடங்கும் தொகுதி யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பயன்பாட்டிலேயே இல்லாத முகவரி என்று நினைத்து உலகம் முழுக்க ஆட்கள் 1.1.1.1-ஐ உதாரணத்துக்கும் சோதனைக்கும் கருவிகளுக்குள்ளும் எழுதித் தள்ளியிருந்தார்கள். அது ஏப்நிக்குக்கு ஒதுக்கப்பட்டதும், சோதனைக்காக ரைப் என்சிசி 1.1.1.0/24-ஐ அறிவித்துப் பார்த்தது. அறிவித்த மாத்திரத்தில் 10 மெகாபிட் இணைப்பு ஒன்று குப்பை டிராஃபிக்கால் நிரம்பி வழிந்தது. யாருமே குடியிருக்காத முகவரிக்கு அந்தக் கதி. இன்று அதில் கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் சேவை ஓடுகிறது, 2018 ஏப்ரல் 1 முதல். அந்த டிராஃபிக்கைத் தாங்க அவ்வளவு பெரிய தோள் வேண்டியிருந்தது.

ஓடும் காலத்தில் செய்ய வேண்டியவை சலிப்பூட்டுபவை. அபியூஸ் மெயிலுக்கு அன்றைக்கே பதில் போட வேண்டும், ஏனென்றால் புகார் நமக்கு மட்டும் வராது, உரிமையாளருக்கும் போகும்; இரண்டு முறை பொறுப்பவர் மூன்றாவது முறை ஒப்பந்தத்தைப் புரட்டுவார். ஐரோப்பாவில் பதிவான தொகுதி என்றால் புவியிடத் தரவுத்தளங்கள் எங்கள் சென்னை சர்வரை ஆம்ஸ்டர்டாமில் வைத்திருக்கும். சில அரசு ஏபிஐகள் இந்திய ஐபி இல்லாவிட்டால் கதவையே திறப்பதில்லை. அதற்காக ஜியோஃபீட் என்ற சிறு கோப்பை வெளியிட்டு, உரிமையாளரிடம் சொல்லி ஹூயிஸ் பதிவில் அதன் சுட்டியைப் போட வைக்க வேண்டும். போட்டாலும் எல்லாத் தரவுத்தளமும் திருந்த வாரக்கணக்கில் ஆகும்.

ரோவாவில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்லாஷ் 22 ஒன்றை எடுத்து அதை முழுசாகவே அறிவிக்கிறோம் என்றால் அதிகபட்ச நீளமும் 22 என்றே இருக்க வேண்டும். வசதிக்காக 24 வரை திறந்து வைப்பார்கள். திறந்து வைத்தால், எங்கள் ஏஎஸ் எண்ணைப் பொய்யாக ஒட்டிக்கொண்டு எவரும் அதற்குள் 256 முகவரிகள் உள்ள ஒரு ஸ்லாஷ் 24-ஐ அறிவிக்கலாம். ரோவா அதை ஆமாம் என்று ஆமோதிக்கும். நுணுக்கமான அறிவிப்புக்குத்தான் டிராஃபிக் போகும்.

இதையெல்லாம்விட முக்கியம், வாடகை எண்ணில் எதை வைக்கக் கூடாது என்பது. வங்கி ஏபிஐயோடு பேசும் சர்வரை வாடகை எண்ணில் வைப்பதில்லை. வங்கியின் வைட்லிஸ்ட்டில் ஒரு ஐபியை மாற்ற லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்பார்கள். அது எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாள் போகும். நேம்சர்வர்களையும் வைப்பதில்லை. வாடிக்கையாளர் தன் ரெஜிஸ்ட்ராரிடம் ஒருமுறை பதிந்த, நேம்சர்வரின் ஐபியைச் சொல்லும் க்ளூ பதிவை ஆயுளுக்கும் திறந்து பார்க்க மாட்டார். மெயில் சர்வர்களுக்கும் அதே விதி: அனுப்பும் ஐபிக்கு நல்ல பெயர் வளர மாதங்கள் ஆகும், அதை வளர்த்து வேறொருவர் கையில் கொடுப்பானேன்? இவையெல்லாம் சொந்த 512-க்குள்தான். விற்பனைப் பிரிவுக்கு இது பிடிப்பதில்லை. சொந்த எண்ணுக்குத் தனிக் கட்டணம் வைக்கலாமே என்பார்கள். எண்ணின் தகுதி பணத்தால் அல்ல, சேவையின் ஆயுளால் தீர்மானமாக வேண்டும் என்பது என் கட்சி, இதுவரை ஜெயித்திருக்கிறேன்.

காலி செய்யும் முடிவு வந்ததும், அறிவிப்புக் காலம் 90 நாள் என்றால் 90 நாளும் வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் புதிய முகவரியைக் கூடுதலாகக் கொடுத்து, பழையதும் புதியதும் சேர்ந்து ஓட விடுவோம். டிஎன்எஸ் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்-ஐ 86,400 நொடியிலிருந்து 300-க்கு இறக்குவோம். பழைய டிடிஎல் முழுசாக ஒரு நாள் கழிந்த பிறகே பதிவை மாற்றுவோம். இது பாடப்புத்தக வேலை, ஒரு வாரத்தில் பெயர் வழியாக வருபவர்கள் எல்லோரும் புதிய முகவரிக்குப் போய்விடுவார்கள்.

மிஞ்சுபவர்கள் எண் வழியாக வருபவர்கள். அவர்களுக்காகத்தான் மீதி மாதங்கள். பழைய முகவரியில் சேவையை உடனே நிறுத்தாமல், வருபவர்கள் யார் என்று எழுதி வைக்கும் ஒரு சிறு புரோகிராமை முன்னால் நிறுத்துவோம். நாள் முழுக்க இணையத்தை முட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள்தான் அதில் பெரும்பகுதி. அவற்றை வடிகட்ட முதல் வழி, இணைப்பை முழுசாக முடித்து டிஎல்எஸ்-இல் எங்கள் வாடிக்கையாளரின் டொமைன் பெயரைச் சொல்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது. அதோடு ஒரே இடத்திலிருந்து, ஒரே இடைவெளியில், ஞாயிறு தவிர தினமும் வருபவர்களையும் எடுப்போம். ஸ்கேனருக்கு ஞாயிறு கிடையாது.

அப்படி வடிகட்டிய பட்டியலைப் பார்த்தால் தமிழ்நாட்டின் அலுவலக வாழ்க்கையே தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியின் கைரேகை வருகைப்பதிவு இயந்திரம், காலை எட்டு மணி ஷிஃப்டுக்குச் சற்று முன். அதைப் பொருத்திய ஏஜென்சி ஊரை விட்டே போயிருக்கும், அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. எடைமேடை மென்பொருள் ஒன்று. சிசிடிவி டிவிஆர்கள் சில. எல்லாவற்றுக்கும் மேல் டேலி. கிளவுடில் டேலி வைத்திருக்கும் ஆடிட்டர்களின் டெஸ்க்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப் ஷார்ட்கட் ஒன்று இருக்கும், அதற்குள் டொமைன் பெயர் கிடையாது, எண்தான். அந்த ஷார்ட்கட் பென் டிரைவில் கிளையன்ட்களின் கணினிகளுக்கும் போயிருக்கும். அப்படி ஓர் அலுவலகத்திலிருந்து போன் வரும்:

"சார், டேலி திறக்க மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அக்கா, ஐபி மாறுதுன்னு மூணு மெயில் போட்டிருந்தோமே?"

"அதெல்லாம் ஆடிட்டர் சார் மெயிலுக்கு வரும். நான் அதைப் பார்க்கறதில்ல. எனக்கு இந்த ஐகான்தான் தெரியும்."

அவர் சொல்வதுதான் சரி. மெயில் போட்டோம் என்பது எங்கள் மனநிம்மதிக்கு மட்டுமே. பட்டியலில் மிஞ்சிய ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வேண்டும், ஷார்ட்கட்டை இந்த முறையாவது பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். புதிய எண்ணைப் போட்டுக் கொடுப்பது எளிது. ஆனால் அடுத்த தொகுதியைக் காலி செய்யும்போது அதே ஐகான் மறுபடி நம் மேசைக்கு வரும்.

பிறகு கூச்சல் சோதனை. பழைய தொகுதியின் அறிவிப்பைப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது. யார் கத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். பலர் இதை ஞாயிறு பின்னிரவில் செய்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. கத்த ஆளில்லாத நேரத்தில் கூச்சலைத் தேடி என்ன பயன்? வாரநாள் காலை பதினொரு மணிக்குச் செய்ய வேண்டும். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய மாதத்தின் 20-ஆம் தேதி கடைசி நாள், அதை ஒட்டிய நாள்களை மட்டும் விட்டுவிடுவேன். ஆடிட்டர்களுக்கும் இரக்கம் காட்ட வேண்டுமல்லவா.

போனாலும் போகாத சிக்கல் டிஎன்எஸ் குப்பை. வாடிக்கையாளர் எப்போதோ 'டெஸ்ட்' என்று ஒரு துணைப்பெயர் உண்டாக்கி எங்கள் பழைய ஐபிக்குத் திருப்பி வைத்திருப்பார். அவருக்கே மறந்திருக்கும். தொகுதி நம்மிடமிருந்து போய் அடுத்தவர் கையில் விழுந்ததும், அந்தப் பெயருக்கு வருபவர்கள் அவர் சர்வருக்குப் போவார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சேவைகள், அந்தப் பெயர் காட்டும் சர்வரில் ஒரு கோப்பை வைத்துக் காட்டினாலே சான்றிதழ் கொடுத்துவிடும். அதாவது முன்பின் தெரியாத ஒருவர், நம் வாடிக்கையாளரின் பெயரில், பூட்டுக் குறியோடு தளம் நடத்தலாம். டொமைனின் பெயரில் மெயில் அனுப்பும் ஐபிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய தொகுதி மிஞ்சியிருந்தால் இன்னும் மோசம். அவர் அனுப்பும் மெயிலுக்கு நம் வாடிக்கையாளரின் டொமைனே சாட்சி சொல்லும். அதனால் வாடிக்கையாளர்களின் எல்லா டொமைன்களையும், அவற்றின் எஸ்பிஎஃப்களையும், சான்றிதழ்ப் பொதுப் பதிவேடுகளில் தென்படும் துணைப்பெயர்களையும் தேடிப் பழைய எண் எங்கே என்று பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் தினமும் ஓடும். எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை தொகுதி போகாது என்று ஒப்பந்தத்தில் எழுத முடியாது. அதனால்தான் முதல் நாளிலேயே ஓட விட வேண்டியிருக்கிறது.

இப்போதுதான் ரவுட்டர். வரிசை முக்கியம்: முதலில் பிஜிபி அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். அது உலகப் பார்வையிலிருந்து மறைந்ததா என்று ரைப்பின் ஆர்ஐஎஸ்-இலும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸிலும் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு ரவுட்டர் திரும்பப் பெற்றதைக் கேட்காமல் செத்த வழியை வைத்துக்கொண்டிருப்பது உண்டு. ஜாம்பி ரூட் என்பார்கள். மறைந்த பிறகு ஐஆர்ஆர் குறிப்புகள், தலைகீழ் டிஎன்எஸ், அப்ஸ்ட்ரீம்களுக்கு எல்ஓஏ ரத்துக் கடிதம். எல்லாம் முடிந்தபின் உரிமையாளர் ரோவாவை எடுப்பார்.

இதில் கடைசியானது முதலில் நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தோம். ஓர் உரிமையாளர் காலக்கெடுவுக்கு முன்பே எங்கள் ரோவாவை நீக்கிவிட்டார். வெறுமனே நீக்கியிருந்தால் எங்கள் அறிவிப்பு 'தெரியாதது' என்ற நிலைக்குப் போயிருக்கும், பெரும்பாலான நெட்வொர்க்குகள் அதைத் தள்ளுவதில்லை. ஆனால் அவருடைய பெரிய தொகுதிக்கு அவர் ஏஎஸ் பெயரில் இன்னொரு ரோவா மேலே இருந்தது. அதனால் எங்களுடையது 'செல்லாதது' ஆனது. ரோவாவைச் சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் தள்ளின, சரிபார்க்காதவை ஏற்றன. ஒரு மொபைல் கம்பெனி சிம்மில் தளம் திறந்தது, இன்னொன்றில் திறக்கவில்லை. இப்படிப் பாதி உயிரோடு இருப்பதைக் கண்டுபிடிப்பது முழுசாகச் சாவதைவிடக் கஷ்டம். அதிலிருந்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறோம்: அறிவிப்பைத் திரும்பப் பெற்றதாக நாங்கள் எழுத்தில் சொன்ன பிறகே ரோவா மாற்றம். உரிமையாளருக்கும் பயம் உண்டு, குடியிருப்பவர் போக மறுத்தால்? அதற்கு அவரிடம் ஏஎஸ் பூஜ்யம் இருக்கிறது. 'இதை எவரும் அறிவிக்கக் கூடாது' என்று கையொப்பமிடும் ரோவா அது.

இந்த 'உரிமையாளர்' என்ற சொல்லையும் நான் முழுசாக நம்புவதில்லை. அவரும் பதிவகத்தின் உறுப்பினர்தான். ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரிநிக், கிளவுட் இன்னோவேஷன் என்ற உறுப்பினரிடமிருந்து பல லட்சம் முகவரிகளைத் திரும்பப் பெற முயன்றதில் 2021-இல் வழக்கு மூண்டது. மொரீஷியஸ் நீதிமன்ற உத்தரவால் பதிவகத்தின் வங்கிக் கணக்கே முடங்கியது. அப்படிப்பட்ட சண்டையில் கீழே குடியிருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே உரிமையாளரிடம் எல்லாத் தொகுதிகளையும் எடுக்காமலிருப்பதற்கு எனக்கு இந்தக் காரணம் போதும்.

நம் வீட்டுக்குள்ளேயே மிஞ்சுவதும் உண்டு. பழைய தொகுதிக்கு உள் ரவுட்டரில், போகும் டிராஃபிக்கைக் கொட்டிவிடும் 'நல்' (null) ரூட் ஒன்று கிடந்தால், அடுத்தவர் அதில் தளம் நடத்தும்போது உலகம் முழுக்கத் திறக்கும், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் திறக்காது. எங்கள் நெட்வொர்க்குக்கு வெளியே தெரியாத கோளாறு என்பதால் வெளியிலிருந்து யாரும் புகார் செய்யவும் மாட்டார்கள். ஏசிஎல்-கள், மானிட்டரிங், பேக்அப் சர்வரின் அனுமதிப் பட்டியல் என்று எல்லாக் கான்ஃபிக்கிலும் அந்த எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். 'நம்முடையது' என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும் விதி ஒன்று பாக்கியிருந்தால், உள்ளே வருபவர் புதிய குடித்தனக்காரர்.

எண்கள் போனாலும் அவற்றின் பதிவேடு போகாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, டேட்டா சென்டர், விபிஎஸ் நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தையும் அவருக்குக் கொடுத்த ஐபிகளையும் கணக்கு முடிந்த பிறகும் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். வாடகைத் தொகுதிக்கு நான் இரண்டு நேரங்களைக் கூடுதலாக வைக்கிறேன்: முதல் அறிவிப்பு உலகில் தெரிந்த நொடி, கடைசி அறிவிப்பு மறைந்த நொடி, ஆர்ஐஎஸ் பதிவின் நகலோடு. சைபர் கிரைம் பிரிவிலிருந்து கடிதம் வரும்போது ஐபியும் நேரமும் இருக்கும், நேர மண்டலம் இருக்காது. வெளிநாட்டு நிறுவனத்தின் லாகிலிருந்து எடுத்த நேரமென்றால் அது யூடிசி. நம் கடிகாரத்தோடு ஐந்தரை மணி நேரம் இடிக்கும். தொகுதி கைமாறிய நாளில் அந்த ஐந்தரை மணி நேரம் ஒரு அப்பாவியைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப் போதும். அதனால் பதிலில் யூடிசி, இந்திய நேரம் இரண்டையும் எழுதி, இந்த நொடிக்குப் பிறகு இத்தொகுதியை நாங்கள் அறிவிக்கவில்லை, தற்போதைய விவரத்துக்குப் பதிவகத்தின் ஹூயிஸைப் பார்க்கவும் என்று முடிப்போம். நகலை இணைத்து அனுப்பினால் பெரும்பாலும் இரண்டாவது கடிதம் வருவதில்லை.